உயிர்க் காலேஜுக்குப் போன குரங்கு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. திண்டிவனத்தில் டீச்சர் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பஸ் ஏறி, விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். ஐம்பதுகளின் கடைசியில் அந்த வீட்டுப் பின்வாசலில் என்னைவிட இருப்புக்கொள்ளாத ஒருத்தி இருந்தாள். அக்கா வளர்த்த பெண்குரங்கு.

கூட்ஸ் ஷெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய வேகன் நின்றால் குரங்குகள் விடாது. அப்படி வந்த ஒன்றின் இடது கை, வண்டிகளைக் கோக்கும்போது மாட்டி நசுங்கிவிட்டது. லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்த மாமா அதைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, கறிகாய் வாங்கி வந்த மாதிரி அக்காவிடம் நீட்டினார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார். மற்ற வைத்தியமெல்லாம் அக்காதான். மஞ்சள், வேப்பெண்ணெய், கேப்பைக் களி, நாள் முழுக்கத் திட்டு.

சங்கிலி போட்டு ஒரே இடத்தில் கட்ட அவளுக்கு மனமில்லை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி இழுத்து, சங்கிலியின் வளையம் அதில் ஓடும்படி செய்து தரச்சொல்லி மாமாவை நச்சரித்து வாங்கினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்காவது போகட்டுமே என்று. அதுவும் போகும், வரும், மறுபடி போகும். வளையம் கம்பியில் உராயும் சத்தத்தில் எனக்குத் தலை வெடித்துவிடும்.

"அவுத்து வுட்டுடேன்க்கா."

"எங்க வுடறது? ஒத்தக் கைய வெச்சிக்கினு மலைக்குப் போனா மத்ததுங்க கிழிச்சுப் போட்டுடும்டீ."

அவள் சொன்னது நியாயம். நியாயமான பதிலைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எழுந்து தெருவாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடப்பேன். "அது ஒண்ணு போதாதுன்னு நீ வேறயா" என்பாள் அக்கா.

ஒருநாள் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கீறிவிட்டது. குவார்ட்டர்ஸே திரண்டு வந்தது. குரங்கு வேண்டுமா வீடு வேண்டுமா என்று மேலதிகாரி மாமாவைக் கேட்டார். அடுத்த ஞாயிறு நான் போயிருந்தபோது, சைக்கிளில் மூங்கில் கூண்டு கட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தான்.

"கொரங்கு இருக்குதாமே. காலேஜுக்கு வோணும்."

மெட்ராஸ் மிருகக்காட்சி சாலைக்கு எங்கள் பக்கத்தில் உயிர்க் காலேஜ் என்று பெயர். மியூசியம், செத்த காலேஜ். குரங்குக்குக் காலேஜ் என்றதும் எங்களுக்கு எந்தக் காலேஜ் என்ற கேள்வியே எழவில்லை. பெண் கொடுக்கப்போகிறவள் மாதிரி அக்கா விசாரித்தாள்.

"வேளைக்குச் சோறு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா. பழங்கூட தருவாங்க."

"ஒடம்புக்கு வந்தா?"

"டாக்டருங்களே கூட இருக்காங்கம்மா."

டாக்டர் என்ற சொல்லில் அவள் இளகிவிட்டாள். தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றி, பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கூண்டுக்குள் விரித்துக் கொடுத்தாள். அதன் பிறகு யார் கேட்டாலும், "எங்க பொண்ணு மெட்ராஸ்ல காலேஜ்ல இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்த வீட்டில் உராயும் சத்தம் நின்றதில் எனக்குத்தான் கால் தரிக்கவில்லை. போய்ப் பார்க்கலாம், போய்ப் பார்க்கலாம் என்று அரித்தெடுத்தேன். மாமாவுக்கு பாஸ் கிடைத்ததும் அக்காவும் நானும் ரயில் ஏறினோம்.

அக்கா மடியில் வேகவைத்த மல்லாட்டை ஒரு பை. எழும்பூரில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டே நடந்தோம். உள்ளே நுழைந்ததும் யானையையும் புலியையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் குரங்குக் கூண்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

சிமெண்டுத் தரை, இரும்புக் கம்பி, ஒரு தகரத் தொட்டி. ஏறி உட்கார ஒரு கிளை இல்லை. ஒரு கிழக்குரங்கு கம்பியோரமாக நடந்தது, திரும்பியது, நடந்தது. அதன் முதுகில் பாதி மயிர் இல்லை. வெளியே ஒருவன் புகைகிற பீடியை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்த காவல்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு எங்க வூட்டுச் சங்கிலியே மேல். ஒரு கட்டைய நட்டு வெச்சாகூட ஏறி எறங்குமேங்க. மனுசன வெச்சா இப்பிடி வெப்பீங்களா?"

"எங்கிட்ட சொல்லி இன்னாம்மா ஆவறது" என்றார் அவர். கோபப்படவில்லை. எனக்குத்தான் அவள்மேல் கோபம். திட்டியது போதும், முதலில் நம்முடையதைத் தேடு என்றேன். ஒவ்வொரு கூண்டாகத் தேடினோம். இரண்டு கையும் உள்ளவைதான் எல்லாம்.

திரும்பி வந்து அவரிடமே கேட்டோம். விழுப்புரத்திலிருந்து வந்தது, இடது கை இல்லாதது, கூண்டுக்காரன் காலேஜுக்கு என்று வாங்கிப்போனான் என்று அக்கா அடுக்கினாள்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நாட்டுக் கொரங்க நாங்க வாங்கறதே இல்லம்மா. இருக்கிறதுக்கே எடமில்ல. கூண்டு வெச்சிக்கினு ஊரூரா வர்றவங்க, டாக்டருக்குப் படிக்கிற காலேஜுக்குப் புடிச்சுக் குடுக்கறவங்க. ஊசி மருந்தெல்லாம் அதுங்களுக்குப் போட்டுத்தான் மொதல்ல பார்ப்பாங்க."

அந்த ஆள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சோறு, பழம், டாக்டர், எல்லாம் உண்மை. எனக்கு அவனை எங்கேயாவது தேடிப்பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. எதற்கென்று அறைவது?

"அப்புறம் வெளிய வுட்ருவாங்களா?" என்று அக்கா கேட்டாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அக்கா கூண்டுப் பக்கம் திரும்பினாள். ஈரச் சிமெண்டையும், தகரத் தொட்டியையும், மயிர் உதிர்ந்த அந்தக் கிழக்குரங்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவர் பின்னாலேயே போய், "இதுல ஒரு மூலையில எடம் குடுத்திருக்கக் கூடாதாங்க" என்று கெஞ்சினாள்.