பிரேக் அக்காவின் கட்டி

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பழகுகிறவர்கள் எங்கே கொண்டுபோய் முட்டப் பார்த்தாலும், பக்கத்து சீட்டில் அவள் காலடியில் இருக்கும் தனி பிரேக் வண்டியை நிறுத்திவிடும். தெருவில் அத்தனை தைரியம். அப்பேர்ப்பட்டவள் மார்பில் தட்டுப்பட்ட ஒரு கட்டிக்கு நடுநடுங்கிப் போனாள். கல்லாக இருந்தது. குளிக்கும்போதெல்லாம் கை தானாக அங்கே போய், தொட்டதும் வெடுக்கென்று திரும்பியது.

டாக்டரம்மா முதல் நாளே கேட்டார். "அங்க அடி ஏதாவது பட்டுச்சா?"

பக்கத்தில் கணவர். "இன்னொரு தடவை அடிபட்டு வந்தா இந்த வேலையே வேண்டாம்" என்று கறாராகச் சொல்லி வைத்திருந்த மனிதர். போன மழைக்காலத்தில், பழக வந்த பெண்ணொருத்தி ஒரு சைக்கிள்காரர்மேல் ஏற்றப் போனாள். இவள் மிதித்த மிதியில் சீட் பெல்ட் மார்பை அப்படியே இறுக்கிப் பிடித்தது. கன்றிப்போனதை அவருக்குக் காட்டாமலே ஆற வைத்தாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

"இல்லைங்க" என்றாள்.

ஸ்கேன் எடுத்தவர் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருக்கிறதாம், பார்வைக்குப் புற்றுநோய் மாதிரியேதான் தெரிகிறதாம். ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். மரத்துப்போக மருந்து போட்டார்கள். ஊசி 'டக்'கென்று சத்தம் போட்டபோது, பாவம், அவள் கால் தானாகக் கட்டிலின் விளிம்பைத் தேடி மிதித்தது. அங்கே பிரேக்குக்கு எங்கே போவது?

முடிவு வருவதற்குள் அவள் பாதி உயிராகிவிட்டாள். பீரோவைத் திறந்து, மகளின் சான்றிதழ் எங்கே, ஊசிநூல் எங்கே என்று கணவருக்குக் காட்டிவைத்தாள்.

"இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாதான்."



முடிவைப் படித்துவிட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார். "கேன்சர் இல்லம்மா. கொழுப்பு செத்து இறுகிப்போய்க் கட்டியாயிருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாத்துக்கலாம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டரம்மாவின் முகம் மட்டும் இளகவில்லை.

"இது பெரும்பாலும் பலமா அடிபட்டா வர்றது. நீங்க அடியே படலைன்னீங்க." பார்வை மெல்லக் கணவர் பக்கம் போனது. "சார், கொஞ்சம் வெளிய இருங்க. நான் இவங்ககிட்ட தனியாப் பேசணும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. எழுந்தார். அவள் எட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் இல்லைங்க டாக்டர். நான்தான் பிரேக் போட்டேன்."