அப்பாவுக்கு டபுள் ஷிப்ட்

காலை பதினொன்றரை மணிக்குச் செய்தி வந்தபோது செந்தாமரை டீச்சர் கையில் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளர் இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அகலக் கிண்ணத்துத் தண்ணீரை அவர்கள் கண் முன்னாலேயே ஒல்லி டம்ளரில் ஊற்றிவிட்டு, "இப்ப தண்ணி கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா, அப்படியேதான் இருக்கா?" என்று கேட்டிருந்தாள்.

"கூடிப் போச்சு டீச்சர்!" என்றது வகுப்பு. எல்லோருக்கும் மேலே கேட்டது முன்வரிசை அருள்மொழியின் குரல். அவள் செந்தாமரையின் தம்பி மகள். வீட்டில் அத்தை, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று ஒருநாளும் மாற்றிக் கூப்பிடாத கெட்டிக்காரி.

பியூன் வாசலில் வந்து நின்றார். "டீச்சர், ஒங்க தம்பி வேலையில மயங்கி வுழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க. சீக்கிரம் வாங்க."

செந்தாமரை ஆஸ்பத்திரியை எட்டும்போது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு. பாலகுமாருக்கு முப்பத்தெட்டு வயது. ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுக்காக அவன் விடியுமுன் கிளம்பியபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் அவன் மனைவி வளர்மதி சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாகிட்ட என்னண்ணி சொல்றது?"

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் செந்தாமரையைப் பார்த்தார்கள்.

பார்க்கத்தான் செய்வார்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், அவள் இருக்கும் பிளாக்கில், குழந்தைகளின் மனசைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். பெற்றவர்களை இழந்து, தம்பியை வளர்த்து, அவனை வேலையில் அமர்த்தி, தான் கல்யாணம் செய்துகொள்ளாமலே நின்றுவிட்டவள். ஆசிரியர் பயிற்சியில் மற்றவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த குழந்தை உளவியலை அவள் ஒருத்திதான் நம்பிப் படித்தாள். பிள்ளை என்பது குட்டி மனிதன் அல்ல, அதன் யோசனைக்கு வேறு கணக்கு இருக்கிறது. ஆறு வயதில் கண் பார்ப்பதுதான் உண்மை. தான் பார்ப்பதைத்தான் உலகமும் பார்க்கிறது என்று அது நினைக்கும். ஊற்றிய தண்ணீரை மனசுக்குள் திருப்பி ஊற்றிப் பார்க்க அதற்கு இன்னும் தெரியாது. இவை அவளுக்கு வேதம். அதனால்தான் அவள் வகுப்பில் புளியங்கொட்டையும் களிமண்ணும் கிடக்கும். தொட்டுப் பார்க்காத எண்ணை எழுத விடமாட்டாள்.

"பக்கத்து கிளாஸ்ல பெருக்கல் வந்தாச்சு, இங்க இன்னும் புளியங்கொட்டையா? கொழம்பு வெக்கப் போறீங்களா டீச்சர்?" என்று பெற்றோர் கேலி செய்வார்கள். 'சைக்காலஜி டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் பிள்ளை ராத்திரியில் வீறிட்டு அழுதால் அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

"அவளுக்கு இப்பப் புரியாது," என்றாள் செந்தாமரை. "செத்தவங்க திரும்பி வர மாட்டாங்கங்கிறது இந்த வயசுல ஏறாது வளரு. கொஞ்ச நாள் போகட்டும். அப்பா ஷிப்ட்டுல இருக்காருன்னு சொல்லு."

அந்த ஊரில் அது பொய்யாகக்கூடத் தோன்றாது. அங்கே பிள்ளைகள் மணி பார்க்கக் கற்கும் முன்பே ஷிப்ட் பார்க்கக் கற்றுவிடும். பிறந்தநாளுக்கு அப்பா இல்லையா? ஷிப்ட். காய்ச்சலில் கிடக்கும்போது இல்லையா? ஷிப்ட். அப்பா காணாமல் போவதற்கும் திரும்பி வருவதற்கும் அங்கே அந்த ஒரே சொல்தான்.

தகனம் முடியும்வரை அருள்மொழி பக்கத்து வீட்டு அன்புக்கரசியின் பொறுப்பில் இருந்தாள். காரியம் முடிந்ததும் வளர்மதியால் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு மகளோடு செந்தாமரையின் வீட்டுக்கு, வேறொரு பிளாக்குக்கு வந்துவிட்டாள்.

செந்தாமரைக்குப் பயம் அங்கேதான் பிடித்தது.

குழந்தை அழவில்லை. கேள்வி மட்டும் கேட்டாள். "எந்த ஷிப்ட்டு அத்தை?"

"நைட்டு."

காலையில் ஷிப்ட் பஸ்சின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள். ஆட்கள் இறங்கினார்கள், பையோடு நடந்தார்கள், போனார்கள். திரும்பி வந்து, "வரலையே?" என்றாள்.

"டபுள் ஷிப்ட்டுடா."

மதியப் பஸ்சுக்கும் ஓடினாள். இரவுப் பஸ்சுக்காகத் தூங்காமல் விழித்திருந்தாள். நாள் ஆக ஆக செந்தாமரை அந்தப் பஸ் வரும் நேரத்துக்கே பயந்தாள். தூரத்தில் எஞ்சின் உறுமினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையின் பின்னால் வாசலுக்குப் போவாள். யாராவது தெருவில் போகிறவர்கள் "பாவம், அப்பன் இல்லாத புள்ள" என்று சொல்லிவிட்டால்? சொல்லாமலே போனால், இது எத்தனை காலம் இப்படி ஓடும்?

அருள்மொழிக்கு அப்பா வருவார் என்பதற்குச் சாட்சி வேறு இருந்தது. கடைசி ராத்திரி புதுப் பாடப்புத்தகங்களுக்குப் பாலகுமார் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தான். தமிழ், ஆங்கிலம், சூழ்நிலையியல் முடிந்தன. கணக்குப் புத்தகத்துக்குத் தாளை அளந்து வெட்டி, மடிப்பும் எடுத்துவிட்டு, "ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து போடுறேன்டா தங்கம்" என்று படுத்துவிட்டான். செந்தாமரை ஒருமுறை அந்தத் தாளை எடுக்கப் போனபோது குழந்தை பிடுங்கிக்கொண்டாள். "அப்பா வெட்டுனது. அப்பாதான் போடணும்."

ஒருநாள் மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு வளர்மதி உள்ளே வந்தபோது குழந்தை இல்லை.

"பஸ்ஸு நிக்கிற எடத்துல பாரு!" என்றாள் செந்தாமரை. அங்கே இல்லை. தெருவே கூடிவிட்டது. நான்கு பேர் சுரங்கத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு ஓடினார்கள். "அங்க ஏன்டா ஓடுறீங்க, அங்க ஏன் ஓடுறீங்க?" என்று வளர்மதி கத்தினாள். அவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செந்தாமரை ஸ்கூட்டியில் தம்பியின் வீட்டுக்குப் பறந்தாள். நடுவில் லாரிகள் போகும் மெயின் ரோடு. அதை அந்தச் சின்னக் கால்கள் கடந்திருக்குமா? வீடு பூட்டியபடி கிடந்தது. அன்புக்கரசி வெளியே வந்து, "இங்க வரலியே டீச்சர், நான் வாசல்லயேதான் ஒக்காந்துகினு இருக்கேன்," என்றாள்.

வரவில்லை. அப்படியென்றால் வாய்க்கால்தான். செந்தாமரை கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நிலையிலும் எங்கிருந்தோ டீச்சர் புத்தி ஒரு நூலிழை நீட்டியது. பெரியவர்களைப் போல அவள் வழி யோசிக்க மாட்டாள். அவளுக்கு பிளாக் நம்பர் தெரியாது. கண் பார்ப்பதுதான் அவளுக்கு வீடு. அப்பா வீடு எது? தண்ணித் தொட்டி தாண்டி, ரெண்டாவது தெரு, கடைசி வீடு, முந்திரி மரம். தினம் அப்பாவோடு ஒப்பித்துக்கொண்டு வருவாளே.

தண்ணித் தொட்டி எல்லா பிளாக்கிலும் இருக்கிறது. தெருக்களும் அப்படித்தான், ஒரே அச்சில் வார்த்தவை.

செந்தாமரை தன் பிளாக்குக்கே திரும்பினாள். அங்குள்ள தொட்டியைத் தாண்டி இரண்டாவது தெருவில் வண்டியைத் திருப்பினாள். அது ஆள் குடியில்லாமல் பாழடைந்து வரும் வரிசை. கதவுகளைக் கரையான் தின்றிருந்தது. புதர் ஜன்னல் உயரத்துக்கு. பாம்பைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தார் அடிக்கடி சொல்லும் இடம். கடைசி வீட்டில் முந்திரி இல்லை, ஏதோ ஒரு மரம் நின்றது.

படியில் அருள்மொழி உட்கார்ந்திருந்தாள். மடியில் கணக்குப் புத்தகம். அதன்மேல் நனையாதபடி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்த பழுப்புத் தாள்.

"ஒங்க வூட்டுக்கு அப்பாக்கு வழி தெரியல போல அத்தை," என்றாள். "அதான் நம்ம வூட்டுக்கே வந்துட்டேன்."

வாரி அணைத்து, திட்டி, முதுகில் ஒன்று வைத்து, மறுபடி அணைத்து எல்லாம் முடிந்தபின் செந்தாமரை அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். புளியங்கொட்டையைக்கூடக் கையில் கொடுத்துத்தான் மூன்று என்று சொன்னவள் அவள். இவ்வளவு பெரியதை ஒன்றையும் தொடக் கொடுக்காமல் வெறும் சொல்லால் மூடினாளே. குழந்தைக்கு எப்படிப் புரியும் என்பதைத்தான் படிப்பு சொல்லியிருந்தது. சொல்லாதே என்று அது எங்கும் சொல்லவில்லை.

குழந்தையின் கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்தாள். "அடிக்குது பாத்தியா?"

"டப்பு டப்புன்னுது."

"அப்பாவுக்கு இது நின்னு போச்சுடா. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே. அதனால அப்பாவுக்கு மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. நடக்க முடியாது. அப்பா ஷிப்ட்டுல இல்ல. அத்தை பொய் சொல்லிட்டேன்."

"ரிப்பேர் பண்ணா?"

"மிஷின பண்ணலாம். மனுஷன பண்ண முடியாது."

அருள்மொழி நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. யோசித்தாள். பிறகு மறு கையை நீட்டி அத்தையின் நெஞ்சைத் தொட்டாள். "ஒங்களுது அடிக்குது. அம்மாவுது?"

"அடிக்குதும்மா."

"நாளைக்கி?"

செந்தாமரை எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "வா, போய்ப் பாப்போம்," என்றாள்.

வளர்மதி வாசலிலேயே மகளைப் பறித்துக்கொண்டாள். குழந்தை முதலில் செய்த காரியம் அம்மாவின் நெஞ்சில் காதை வைத்ததுதான். அதற்குப் பிறகுதான் அழுதாள். எத்தனையோ நாளாகத் தேங்கிய அழுகை. அக்கம்பக்கம் நின்றவர்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கலைந்தார்கள்.

இப்போதெல்லாம் அவள் பஸ்சுக்கு ஓடுவதில்லை. ஆனால் தூக்கத்தில் விழித்து, பக்கத்தில் படுத்திருப்பவர்களின் நெஞ்சைத் தடவிப் பார்க்கிறாள். அந்தக் கை மேலே படும்போதெல்லாம் செந்தாமரை மூச்சைச் சத்தமாக இழுத்து விடுகிறாள். காலையில் இருவரும் ஒன்றாகப் பள்ளிக்குப் போகிறார்கள். புளியங்கொட்டைகளை எண்ணுகிறார்கள்.

ஒருநாள், "அந்த அட்டைய நான் போட்டுத் தரட்டுமா?" என்று அத்தை கேட்டாள். அருள்மொழி வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தத் தாள் வெட்டிய அளவிலேயே, எடுத்த மடிப்போடு புத்தகத்துக்குள் இருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கு இன்னும் அட்டை போடவில்லை.