ஓட்டை போட்டு வந்த கடிதங்கள்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. முத்திரை அக்கா என்றால் கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் தெரியும். தொழிலாளர் நலத் துறையின் தபால் பிரிவில், சன்னலையொட்டிய மேசையில், பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர். வந்த உறையைப் பிரிப்பார். உறையைக் கடிதத்தின் பின்னால் குண்டூசியால் இணைப்பார். தேதி முத்திரை இடுவார். வருகைப் பதிவேட்டில் எண் கொடுப்பார். இவ்வளவும் முடிந்த பிறகே இடது ஓரத்தில் துளையிட்டுக் கோப்பில் சேர்ப்பார். இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. அவசரம் என்று யாராவது முதலில் துளையிடச் சொன்னால், "சட்டை தைக்கறதுக்கு முன்னாடியே பொத்தான் வச்சுக்குவீங்களா?" என்பார்.

அவருடைய அண்ணன் மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கியவர். தந்தை இறந்தபோது அண்ணனுக்கு வயது பதினாறு. தங்கை படித்துத் தேர்வெழுதி அரசு வேலையில் சேரும்வரை அந்தக் குடும்பம் அண்ணனின் முதுகில்தான் இருந்தது. மூட்டை ஒன்றுக்கு எழுபத்தைந்து கிலோ. நாற்பத்தொன்பதாம் வயதில் முதுகெலும்பில் தட்டு விலகியது. ஐம்பதுக்கு மேல் தூக்கினால் அடுத்த ஆண்டு எழுந்து நடப்பதே சந்தேகம் என்றார் மருத்துவர். வீடு திரும்பிய அண்ணன், "ஐம்பதுன்னாரே, அது கிலோவா வயசான்னு கேக்க மறந்துட்டேன்" என்று சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

அந்த ஆண்டுதான் எங்கள் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. தனியொருவர் தூக்கும் மூட்டை ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது. ஆட்சேபணையோ ஆதரவோ முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். மொத்த வியாபாரிகள் சங்கம் உடனே விழித்துக்கொண்டது. அதற்குச் சொந்தக் கட்டடம் உண்டு. இரண்டு வழக்கறிஞர்கள் உண்டு. துறையின் ஆலோசனைக் குழுக்களில் நிரந்தர நாற்காலிகள் உண்டு. புத்தாண்டு பிறந்தால் எங்கள் மேசை ஒவ்வொன்றிலும் அதன் நாட்குறிப்பு வந்து அமரும். மூட்டை தூக்குவோருக்கு இருந்ததோ தேநீர்க் கடையில் ஆடுகிற பெஞ்சு ஒன்று.

அந்தப் பெஞ்சிலிருந்து அறுபத்தொரு கடிதங்கள் தபாலில் வந்தன. சில நோட்டுத் தாளில், இரண்டு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், ஒன்பதில் கைநாட்டு. அண்ணனுடையதும் அவற்றில் ஒன்று. அக்கா எல்லாவற்றுக்கும் முறைப்படி எண் கொடுத்தார்.

முப்பதாம் நாள் பிற்பகல் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்தார். பின்னால் இருவர் நான்கு அட்டைப்பெட்டிகளைச் சுமந்து வந்தனர்.

"அக்கா, இன்னிக்குத்தானே கடைசி நாள்? முப்பது ஊர்ச் சில்லறைக் கடைக்காரங்க எழுதினது. மொத்தம் மூவாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு."

அக்கா மேலிருந்த தாளை எடுத்தார். அழகாக அச்சிட்ட வாசகம், கீழே கையெழுத்து, இடது ஓரத்தில் இரண்டு துளைகள்.

"ஓட்டை யாரு போட்டது?"

"நாங்கதான். உங்க வேலையைக் கொஞ்சம் குறைப்போமேன்னு."

"ரொம்ப நல்ல மனசு. உறையெல்லாம் எங்கே?"

"கையோட கொண்டாந்துட்டோமே, உறை எதுக்கு?"

அவர் போன பிறகு அக்கா தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இடது மேல் ஓரத்தில் கடைக்காரர் தம் முகவரியைப் பேனாவால் எழுதியிருந்தார். அந்த எழுத்து துளையின் மேல் ஓடவில்லை. துளைக்கு இப்புறம் நின்று, அப்புறம் தொடர்ந்தது. மூவாயிரத்துச் சொச்சம் தாளிலும் அப்படியே. கடிதம் எழுதிய பிறகு துளை விழவில்லை. துளையிட்ட தாளில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறது.

ஒருவர் ஒரே நேரத்தில் நேரில் அளிப்பது எத்தனை தாளாயினும் ஒரே எண் என்பது எங்கள் அலுவலகக் கையேட்டின் விதி. அக்கா அறுபத்திரண்டு என்று எண்ணிட்டு, "சங்கச் செயலாளர் நேரில் அளித்த கட்டு ஒன்று. ஒரே வாசகமுடைய 3,412 தாள்கள். துளையிட்ட நிலையில் பெறப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் பதிவேட்டோடு வந்து நின்றார்.

"என்னம்மா இது? இத்தனை ஆட்சேபணையை ஒத்தை நம்பர்ல அடைச்சு வச்சிருக்கீங்க?"

"ஒருத்தர் கொண்டு வந்தாரு. ஒரு நம்பர் போட்டேன் சார்."

"மேல இருந்து கேக்கறாங்க. தனித்தனியாப் போட்டுடுங்க."

"எழுத்துல குடுங்க சார், போட்டுடறேன்."

கண்காணிப்பாளரின் முகம் சிவந்தது. "உங்க அண்ணன் மூட்டை தூக்கறவரு. அதான் இந்த வீம்புன்னு எல்லாருக்கும் தெரியும்."

தட்டச்சுப் பொறிகள் நின்றன. அக்கா எழுந்திருக்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"ஆமா சார், தூக்கறாரு. அவரும் ஒரு கடிதம் எழுதியிருக்காரு. நாப்பத்தி மூணாவது வரியைப் பாருங்க. அண்ணனாச்சேன்னு ரெண்டு நம்பர் போட்டிருந்தா வந்து என்னைக் கேளுங்க."

எழுத்தில் ஆணை வரவில்லை. ஆனால் வந்த கருத்துகளை ஆராய அமைத்த விசாரணைக் குழுவுக்குக் கண்காணிப்பாளர் அனுப்பிய குறிப்பில் ஆதரவு 61, எதிர்ப்பு 3,412 என்றே இருந்தது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சங்கச் செயலாளர் அரை மணி நேரம் பேசினார். மூட்டை சிறுத்தால் விலை ஏறும், சின்னக் கடைகள் சாத்தப்படும், மூவாயிரம் குரல்களை அரசு தள்ளக் கூடாது என்றார். பதிவேட்டை அதைப் பராமரிக்கும் எழுத்தரே சுமந்து செல்வது எங்கள் வழக்கம். ஆகவே அக்காவும் அங்கே சுவரோரம் நின்றிருந்தார். தலைவர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"அறுபத்திரண்டோட முடியுதே?"

"எழுத்தர் செய்த தவறுங்க ஐயா" என்றார் கண்காணிப்பாளர்.

"தவறு இல்லீங்க ஐயா" என்று அக்கா முன்னே வந்தார். கட்டிலிருந்து பத்துத் தாள்களை உருவி மேசையில் பரப்பினார். "கடைக்காரங்க எல்லாரும் ஓட்டையைச் சுத்தியே விலாசம் எழுதியிருக்காங்க. மனசுல இருக்கறதை எழுதறவன் வெள்ளைத் தாள்ல எழுதுவான். ஓட்டை போட்ட தாள் அவன்கிட்டே எப்படிப் போச்சு?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி அணிந்தார். பிறகு அந்தப் பத்துப் பேரையும் அடுத்த வாரம் வரவழைக்கச் சொன்னார். எட்டுப் பேர் வந்தனர். அறுவர் அந்த வாசகத்தைப் படித்ததே இல்லை. "சரக்கு இறக்கும்போது நீட்டினாங்க. சரக்கு வந்ததுக்கு ரசீதுன்னு நெனச்சேன்" என்றார் ஒருவர். அவர் கடையில் மூட்டை தூக்குபவர் அவரே.

விதி நிறைவேறியது. ஆனால் விசாரணை அறையில் தோற்ற சங்கம் மேல்மாடியில் எதையோ வென்றிருந்தது: விதி பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றிருந்தது. அதே வாரம் நிர்வாக நலன் கருதி அக்கா அடித்தளப் பதிவறைக்கு மாற்றப்பட்டார். நாற்காலி மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டவரிடம் கண்காணிப்பாளர், "வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"எதுக்கு சார்? முடிஞ்ச கோப்பெல்லாம் அங்கேதானே வரும். நீங்க எழுதின குறிப்பும் வரும். பூச்சி அரிக்காமப் பத்திரமா வைக்கறேன்."

அந்தப் பதினெட்டு மாதமும் அண்ணனின் முதுகு தாங்குமா என்பதே வீட்டின் கவலை. அண்ணன் ஒரு வழி கண்டார். எழுபத்தைந்து கிலோ மூட்டையை இருவராகத்தான் தூக்குவோம் என்றார். முதலாளி கத்தினார், விரட்டினார். மறுநாள் கிடங்கு முழுவதும் இருவர் இருவராகத் தூக்கியது. அத்தனை பேரையும் விரட்ட முதலாளியால் முடியவில்லை.

பதினேழாம் மாதம் சங்கம் மேலும் ஓராண்டு தவணை கேட்டது. துறை மறுபடி கருத்துக் கேட்டது. இம்முறை சங்கத்தின் கடிதங்கள் உறையோடும், வெவ்வேறு தபால் முத்திரையோடும், துளையில்லாமலும் வந்தன. சங்கத்தார் பாடம் படித்திருந்தார்கள். ஆனால் தேநீர்க் கடைப் பெஞ்சும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு தாள், ஆளுக்கு ஓர் உறை, அவரவர் கையால் தபால் பெட்டியில் என்று அண்ணன் கிடங்கு கிடங்காகச் சொல்லி வந்திருந்தார். தொள்ளாயிரத்து நாற்பது உறைகள் வந்து குவிந்தன. புதிய எழுத்தர் விடுப்பில் போய்விட்டார்.

கண்காணிப்பாளர் படியிறங்கிப் பதிவறைக்கு வந்தார்.

"எல்லாம் ஒரே விஷயம்தானேம்மா. ஒரே கட்டாப் பதிஞ்சுடலாமா?"

அக்கா தூசித் துணியை மடித்து வைத்தார்.

"தனித்தனியா வந்தது சார், தனித்தனியாத்தான் பதியணும். உங்களுக்குக் கை வலிச்சா சொல்லுங்க, நானே வந்து முத்திரை குத்தறேன்."

வந்து குத்தினார். சன்னலோர மேசையில், தம் பழைய மெத்தைமீது அமர்ந்து, மூன்று முழு நாள்கள். சங்கத்தின் உறைகளுக்கும் அவரே எண் கொடுத்தார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. தவணை மறுக்கப்பட்டது.

விதி நடைமுறைக்கு வந்த நாளன்று அண்ணன் ஐம்பது கிலோ மூட்டையைத் தனியாளாகத் தோளில் ஏற்றி, கிடங்கு வாசலில் நின்றிருந்த முதலாளிக்குக் கேட்கும்படி சொன்னாராம்:

"என்ன முதலாளி, மூட்டைக்குப் பதிலாத் தலையணை குடுத்துட்டீங்க!"