வேண்டாம் என்று சொல்ல வராத காசிமாயன்

"தொடாதண்ணே! வார்னிஷு இன்னும் காயல. கைய எடு மொதல்ல!"

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டோரம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற காசிமாயனின் மேசையை ஒட்டி யாரும் நிற்கக்கூடாது. மோட்டாரின் சொந்தக்காரரே ஆனாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும். பயிர் கருகுகிறது என்று அழுதாலும் மனிதர் அசைய மாட்டார்.

இந்தக் கறாரில் கால்வாசி வீட்டில் இருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? அடுத்த வீட்டில் குடியிருந்து பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் கட்டியிருப்பது சொந்த அக்கா மகள் அன்னக்கொடியை. முதல் இரண்டு பிள்ளைகளும் சளி, பேதி என்று கண்டு, ஒரு வயது நிறையாமலே போய்விட்டன. மூன்றாவது சோலை, கைக்குழந்தை. இவனுக்கும் அதே, நோயை எதிர்க்க முடியாத பிறவிக் கோளாறுதான் என்று மெட்ராஸ் டாக்டர் சொல்லிவிட்டார். பெற்றவர்கள் இருவர் வழியாகவும் இறங்குவதாம். சொந்தத்துக்குள் கட்டினால் ஆபத்து அதிகமாம். வெளியாள் யாரும் தொடக்கூடாது, சாதாரணச் சளியே இவனுக்கு எமன் என்றாராம்.

இதைக் காசிமாயனைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. "ஒடம்புல கிளை கிளையா கை இருக்கிற அணுவாம் மாப்ள. கிருமியப் பிடிச்சு, 'இந்தா, இவன்தான் திருடன்'னு மத்த அணுவுக்குத் தூக்கிக் காட்டுமாம். எம் மகனுக்கு அது பிடிக்குது, காட்ட மாட்டேங்குது. மத்தது அம்புட்டும் சும்மா நிக்குது."

சொல்லிக்கொண்டே பிள்ளையை என் மடியில் வைக்க வருகிறார்! பார்க்க வந்தவர் கையில் பிள்ளையைக் கொடுக்காவிட்டால் அவமதித்ததாகிவிடுமாம். ஊர் ஊராக உறவு வருகிறது, தூக்குகிறது, கொஞ்சுகிறது. அன்னக்கொடி தலையில் அடித்துக்கொள்கிறாள். "நீயாவது சொல்லேண்ணே" என்கிறாள். நான் சொல்லாத நாளில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நேற்று ராமக்காள் வந்தாள், இருமிக்கொண்டே. காசிமாயனுக்கு அக்காவும் அவள்தான், மாமியாரும் அவள்தான்.

"ஆத்தா, இருமுற. பிள்ளையத் தொடாத" என்றாள் அன்னக்கொடி.

"எந் தம்பிய இடுப்புல தூக்கி வளத்தவ நான். அவன் பிள்ளையத் தூக்க யாருகிட்டடி கேக்கணும்?"

நான் காசிமாயனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அக்கா..." என்று வாயைத் திறந்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ஒக்காருக்கா" என்று பிள்ளையை நீட்டிவிட்டார்.

ராமக்காள் சோலையின் கன்னத்தில் அழுத்தி முத்தமிட்டாள். மறுபடி இருமல் வர, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் இந்தப் பக்கம் திரும்புவதற்குள், காசிமாயன் குனிந்து, தோள் துண்டால் அந்தக் கன்னத்தை அவசர அவசரமாகத் துடைத்தார்.