எருக்குவியலில் சுண்ணாம்பு

மகள் பெட்டியோடு திரும்பி வந்ததிலிருந்து எங்கள் தல்லாகுளத்து வீட்டில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. போன வருஷம் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது, "சரிம்மா" என்றாள். அந்தச் சொல்லைத்தான் படுத்தாலும் எழுந்தாலும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதே மாதிரி ஒரு "சரி"யைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

அப்போது கீழக்குயில்குடியில், வீட்டை ஒட்டியே அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டம். ஒருமுறை கோழிப்பண்ணை எருவைப் பச்சையாகவே செடிகளுக்குப் போட்டார். செடிகள் கருகிப்போயின. அடுத்த வண்டி எருவை அத்தை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அத்தை அப்பாவின் தங்கை. கல்லூரியில் கெமிஸ்ட்ரி முடித்து, மேலே படிக்க இடம் கிடைத்தும், "பொம்பளப்புள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதும்" என்று அப்பா சொன்னதால் வீட்டிலிருந்தாள். எருவில் மரத்தூளைக் கலந்து, வெல்லத்தையும் புளித்த மோரையும் கரைத்து ஊற்றி, அவ்வப்போது புரட்டிப்போட்டாள்.

"எருவுக்குப் பானக்கமா?" என்று அப்பா சிரித்தார்.

"உள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு அம்புட்டுக் கெடக்குண்ணே. அதுக தின்னாத்தான் இது மக்கும். சுண்ணாம்ப மட்டும் கிட்டக் கொண்டாந்துறாதீக. பட்டா நெடி கெளம்பி, கண்ணத் தெறக்க முடியாது."

குவியல் சூடேறியது. கம்பியைச் செருகி எடுத்தால் கையைச் சுட்டது. நாற்றம் முக்கால்வாசி அடங்கியிருந்த நேரத்தில், அத்தையைப் பெண் பார்க்க வரும் நாள் வந்துவிட்டது.

அன்று காலையில் அம்மா மூக்கைச் சுளித்தாள். "ஏத்தா, லேசா வாடை வீசுதே. பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் கெடக்குல்ல, கொஞ்சம் தூவி விடு. வாடை செத்துப்போகும்."

அத்தை அம்மாவையே பார்த்தாள். பிறகு, "சரி மதினி" என்றாள். அவ்வளவு பணிவான குரல்.

கொஞ்சமாகவா தூவினாள்? மூட்டையையே கவிழ்த்தாள். தண்ணீர் தெளித்து மண்வெட்டியால் கிளறியும் விட்டாள். பிறகு குளித்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் கேசரியை வாயில் வைக்கும்போது காற்று வீட்டுப் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். எல்லோர் கண்ணிலும் நீர். "காத்து இப்பத் திரும்பிரும், உக்காருங்க" என்று அப்பா கெஞ்சினார்.

"மாப்ள, எந்திரி. பஜ்ஜிய வேன்ல வச்சுத் திம்போம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

வேன் போனது போனதுதான். பதிலே வரவில்லை. வேறு இடம் தகையும்வரை போகட்டும் என்று அப்பா அந்த வருஷமே அத்தையை மேல்படிப்புக்கு அனுப்பினார். அம்மா கடைசிவரை காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

வேன் கிளம்பியதும் நான் கொல்லைக்கு ஓடினேன். அத்தை பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குவியலில் மறுபடி மரத்தூளை அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, "அழாத அத்தை, வேற மாப்பிள்ளை வருவாக" என்றேன். அவள் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதையும் அழுகை என்றே நினைத்தேன்.

அந்தச் "சரி" எனக்கு அன்று விளங்கவில்லை. எட்டு வயது. மகள் சொன்ன "சரி"க்கு அந்தச் சாக்கையும் சொல்ல முடியாது.