எட்டாவது மெயில்

எனக்கு என் மேலதிகாரியைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆறு வருடமாக ஒரே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து இருவரும் இதை ஒழுங்காகப் பராமரித்து வருகிறோம். போனில் பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அவர் மலையாளி. தமிழர்களைக் கேலி செய்யும் சொல்லால் தமிழ்ப் பிரிவை ‘பாண்டி செக்‌ஷன்’ என்பார், அது தமாஷாம். நான் ஒரு நாளும் சிரித்ததில்லை. அதுவும் அவருக்கு என் மேல் ஒரு குறை.

கழக்கூட்டத்தில் இருக்கிறது எங்கள் கம்பெனி. பள்ளிக்கூடங்களுக்கான கையேடுகளை மலையாளத்திலும் தமிழிலும் தயாரித்து இணையத்தில் ஏற்றிக் கொடுப்போம். தமிழ்க் கையேடுகளைப் படித்துப் பிழை பார்ப்பது என் வேலை. நான் பார்த்துக் கொடுத்ததைத் தளத்தில் ஏற்றுவதற்கு ஒரு பெண் இருந்தாள். ஒப்பந்த ஊழியர். போனக்காடு எஸ்டேட்டில் தேயிலை பறித்த தமிழ்க் குடும்பம். வித்துராவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். நாற்பது வயதிருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என்னைவிட அவள் இரண்டு வயது மூத்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் பேசுவது தமிழ், படித்தது முழுக்க மலையாளப் பள்ளி. தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்க வராது. கோப்பின் எண்ணைப் பார்த்துத்தான் ஏற்றுவாள். “நீங்க பாத்தாச்சில்லே அக்கா, அது மதி” என்பாள், அது போதும் என்று.

போன வருடம் ஒன்பதாம் வகுப்பு வேதியியல் செய்முறைக் கையேடு வந்தது. அதில் ஒரு பக்கத்தில் தவறு. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீருக்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மொழிபெயர்த்தவர் தலைகீழாக எழுதி வைத்திருந்தார், அமிலத்தில் தண்ணீரை ஊற்று என்று. ஊற்றினால் தெறிக்கும். படமும் அப்படியே வரையப்பட்டிருந்தது. நான் உடனே மேலதிகாரிக்கு மெயில் போட்டேன். மற்ற பக்கங்கள் சரி, இந்தப் பக்கத்தைத் திருத்தாமல் வெளியிடக் கூடாது, படம் வரைய இரண்டு நாள் வேண்டும் என்று.

கையேடு வெளியானது. மூன்று வாரம் கழித்து, தென்காசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய டீச்சரின் மணிக்கட்டில் அமிலம் தெறித்துத் தோல் வெந்துவிட்டது. கடிதத்தோடு புகைப்படமும் இருந்தது. நான் அதை ஒரு முறைதான் பார்த்தேன்.

மேலிடத்தில் கேள்வி எழுந்ததும் மேலதிகாரி செய்த முதல் காரியம், என் மெயிலை அவர்களுக்கு ஃபார்வேர்ட் செய்ததுதான். சாதாரணமாக ஃபார்வேர்ட் செய்தால் பழைய மெயில் புதிய மெயிலுக்குள் வெறும் எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடும். எதை வேண்டுமானாலும் அழிக்கலாம். அவர் அழித்தார். ‘மற்ற பக்கங்கள் சரி’ என்பதில் ‘மற்ற’ போய்விட்டது, அதற்குக் கீழே இருந்த எச்சரிக்கை முழுவதும் போய்விட்டது. நான் எல்லாவற்றையும் சரி என்று சொல்லிவிட்டேன் என்று ஆயிற்று. விசாரணைக்கு அழைத்தபோதுதான் அதைப் படித்தேன். அந்த நிமிடத்தில் அந்தப் பேனாவைப் பிடுங்கி ஒடித்துப் போட்டிருப்பேன்.

எச்.ஆர். பெண் நிதானமானவள். “ஸ்கிரீன்ஷாட் வேண்டா. காப்பி செய்து ஒட்டியதும் வேண்டா. ஒரிஜினல் மெயில் எல்லாம் அட்டாச்மென்ட் ஆயிட்டு வரணும். அப்போ யாரும் தொட்டிருக்க மாட்டாங்க” என்றாள். அவரிடமும் அதையே கேட்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாட்டினாய், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் இடத்துக்கு வந்து மெயிலைத் திறந்தேன். கையேட்டின் பெயரைப் போட்டுத் தேடியதும் எங்கள் சண்டை முழுவதும் ஒரே வரியில் வந்து நின்றது. பக்கத்திலிருந்த சிறு கட்டத்தில் டிக் செய்து, மேலே மூன்று புள்ளிகளை அழுத்தி, அட்டாச்மென்டாக ஃபார்வேர்ட் செய் என்பதைத் தட்டினேன். புதிய மெயிலின் அடியில் கோப்புகள் வரிசையாக விழுந்தன. எண்ணினேன். எட்டு.

எனக்கு ஆறுதான் நினைவில் இருந்தது. நான் எச்சரித்தது, அவர் பார்க்கலாம் என்றது, நான் மறுபடியும் சொன்னது, அவர் படம் வேண்டுமா என்று கேட்டது, இப்படி ஆறு. மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன்.

ஏழாவது அவருடையது. “திங்களாழ்ச்ச ஸ்கூல் திறக்கும். இது இன்னைக்குத் தன்னெ போகணும். ஒரு பக்கத்துக்கு வேண்டி எல்லாரும் காத்திரிக்கணுமோ? அப்படியே ஏற்றச் சொல்லுங்க.”

எட்டாவது என்னுடையது. “ஓகே சார். சொல்லிவிடுகிறேன்.”

ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று எனக்குச் சோர்வும் இல்லை, அவசரமும் இல்லை. போகட்டும், இது வெடித்தால் இவர் தலையில் வெடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார் அல்லவா. அந்தத் திருப்தியோடு எழுந்து வித்துராக்காரியின் மேஜைக்குப் போய், “ஏத்திரு” என்றேன். அவள் வழக்கம்போல, “பாத்தாச்சில்லே அக்கா?” என்றாள். “பாத்தாச்சு” என்றேன். பொய்யில்லை, பார்த்துத்தான் இருந்தேன்.

ஆறோடு ஏழாவதை மட்டும் சேர்த்து அனுப்பினால் அவர் கதை முடிந்தது. ஆனால் அடுத்த நிமிடமே அவர் எட்டாவதை எடுத்து நீட்டுவார். மெயிலைத் திறந்து ஒரு வரியை அழித்துவிடலாம் என்றால், அட்டாச்மென்டில் கை வைக்க முடியாது. முழுதாகத்தான் போகும். அந்த மெயிலை மூடினேன். செட்டிங்ஸுக்குப் போய், உரையாடலை ஒன்றாகக் காட்டும் வசதியை நிறுத்தினேன். எட்டும் தனித்தனி வரிகளாகப் பிரிந்தன. ஆறுக்கு மட்டும் டிக் செய்து அனுப்பினேன். அவர் ஒரு மெயிலுக்குள் வரியை அழித்தார். நான் மெயிலையே விட்டுவிட்டேன். என்னுடையது சுத்தமான வேலை.

விசாரணையில் ஆறும் பேசின. அவர் என் எச்சரிக்கையை மறைத்தது வெளிப்பட்டது. சுருக்கி அனுப்பினேன் என்றார். நம்பவில்லை, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஆனால் எழுத்தில் இவ்வளவு தடை இருந்தும் கையேட்டை ஏற்றியது யார் என்ற கேள்வி மிச்சமிருந்தது. வித்துராக்காரியை அழைத்தார்கள். நானும் அவரும் அங்கேயே இருந்தோம்.

“ஏற்றச் சொல்லி மெயில் ஏதாவது வந்ததா?” என்று கேட்டார்கள்.

“மெயில் ஒண்ணும் இல்லை சார். அக்கா வந்து சொன்னாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “வெளியிடக் கூடாது என்று மூன்று தடவை எழுதியிருக்கிறேன்” என்றேன். அது உண்மைதான். அவரைக் கேட்டார்கள். “நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லலை” என்றார். அதுவும் உண்மைதான். அவர்கள் நினைத்திருந்தால் விட்டுப்போன மெயில்களைச் சர்வரிலேயே தேடி எடுத்திருக்கலாம். யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் ஏற்றினாள் என்று அவளுடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள்.

போகும் அன்று அவள் சாப்பாட்டுப் பையோடு என் மேஜைக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு இந்த ஆபீஸ்ல உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. “தெரிஞ்சுகொண்டு தானே என்கிட்ட வந்தீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் லிஃப்டுக்காக நிற்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். வேறு யாரும் இல்லை. “ஆறெண்ணம் அயச்சு, அல்லே?” என்றார், ஆறு மெயில்தானே அனுப்பினீர்கள் என்று. லிஃப்டின் பொத்தானை மறுபடியும் அழுத்தினேன். “நானும் ஆறுதான்” என்றார். குரலில் குத்தல் இல்லை. அந்த ஆறு வருடத்தில் முதல்முறையாக என்னோடு மரியாதையாகப் பேசினார். அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இப்போதும் முதுகுக்கு முதுகுதான் உட்கார்ந்திருக்கிறோம். பேனா மூடி சத்தம் போடுகிறது. போன வாரம் மற்றொரு கையேட்டைத் திருத்தம் முடிவதற்குள் ஏற்றச் சொன்னார். முன்பென்றால் மூன்று மெயில் எழுதியிருப்பேன்.

“ஓகே சார்” என்றேன்.