மாதாவிடம் மூச்சு கேட்டேன்

சந்தையில் சாளை மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதல் தடவையாக எனக்கு நெஞ்சு அடைத்தது. காரணம் ஒன்றும் இல்லை. வெயில்கூட ஏறவில்லை. ஒரு அம்மா விலை கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. விரல் எல்லாம் மரத்துப் போனது. காதுக்குள் இன்ஜின் ஓடுகிற மாதிரி இரைச்சல். செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பக்கத்துக் கடை லில்லி ஓடிவந்து மீன் கழுவிய தண்ணீரை என் முகத்தில் ஊற்றினாள். அவசரத்தில் அவள் கைக்கு அதுதான் கிடைத்தது.

என் பெயர் ரெஜினா. தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துப் பக்கம் கடற்கரைத் தெருவில் வீடு. எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் கோயில் பங்கு மக்களுக்கு எல்லாம் தெரியும். மாதா எனக்குச் செய்ததைப் பற்றி இந்தச் சாட்சியை எழுதித் தரச் சொன்ன பங்குச் சாமியாரிடம், "எனக்கு அலங்காரமா எழுத வராது சாமி" என்றேன். "நீ பேசுற மாதிரியே எழுது, திட்டுறதை மட்டும் விட்டுரு" என்றார். முடிந்தவரை விடுகிறேன்.

என் வீட்டுக்காரர் சூசை வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அந்த வருசம் ஐப்பசியில் வள்ளம் கவிழ்ந்து, டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கடலில் மிதந்தார். வேறு படகுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். உதடு வெடித்து, தோல் உப்பில் வெந்து கிடந்தார். சில நாள் கஞ்சி குடித்தார். அப்புறம் எழுந்து வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். மிதந்த மனுசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கரையில் நின்றவளுக்குத்தான் நோய் வந்தது.

சந்தையில் ஒரு தடவை. முத்தையாபுரம் பஸ்ஸில் ஒரு தடவை. பூசையில் நற்கருணை வாங்கப் போகும்போது ஒரு தடவை. அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் கடலுக்குக் கிளம்புகிற நாளில் இன்ஜின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். ஈசிஜி எடுத்தார்கள். நல்லா இருக்கிறது என்றார்கள். இன்னொரு இடத்தில் போய் எடுத்தோம். அங்கேயும் நல்லா இருக்கிறது என்றார்கள். சுகாதார நிலையத்து டாக்டரம்மா சின்னப் பிள்ளை. என்னைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு இதயத்துல ஒண்ணும் இல்ல. பயம்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "பயமா? எனக்கா? சந்தையில போய்க் கேட்டுப் பாரு. என்னையப் பாத்துதான் மத்தவிய பயப்படுவாவ" என்று கத்திவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "தாயே, இந்த மனுசன் கரையில நின்னாப் போதும். நான் சரியாயிருவேன்" என்று கேட்டேன். நாள் தவறாமல் அதையே கேட்டேன்.

கேட்டது கிடைத்தது. நான் ஒவ்வொரு தடவையும் விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவரே வள்ளத்தை விட்டுவிட்டார். முத்தையாபுரத்தில் ஒரு உப்புக் கிடங்கில் வாச்மேன் வேலை. நீலச் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய் நிற்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். கடலுக்குப் போகாத மனுசனுக்குக் காற்றைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? பேச்சு குறைந்தது. சோறு குறைந்தது. என்னிடம் மட்டும், "இன்னைக்கு எப்படி இருக்குளா?" என்று கேட்பார்.

ஒரு நாள், அவர் கரையில் உட்கார்ந்திருக்கும்போதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அன்றைக்குத்தான் நான் உடைந்து போனேன். நோய் கடலில் இல்லை, எனக்குள் இருக்கிறது என்று தெரிந்துபோனது. அவரை வீணாகக் கரையில் கட்டிப் போட்டிருந்தேன்.

கோயிலுக்குப் போய், ஆள் இல்லாத நேரத்தில், மாதாவிடம் வேறு மாதிரிக் கேட்டேன். "அவரைப் பத்தி இனிமே ஒண்ணும் கேக்கல. எனக்கு மூச்சு குடு. உள்ள போறது வெளிய வரணும். அது போதும்." அவ்வளவுதான் என் ஜெபம். ஒப்பந்தம் பேசுகிற மாதிரிதான் கேட்டேன். எனக்கு வேறு மாதிரிப் பேச வராது.

மறுவாரம் லில்லி வந்தாள். அவளுக்கு முதுகு வலி. "ஆஸ்பத்திரியில காலையில யோகா சொல்லித் தாராவளாம். தனியாப் போக வெக்கமா இருக்கு. நீயும் வா" என்றாள். நான் அவளுக்குத் துணையாகத்தான் போனேன். மாதா என்னைக் கூப்பிடுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சொல்லித் தருகிற பிள்ளை பெயர் கனி. தாமிரபரணிப் பக்கம் வயல்காட்டு ஊரிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஒல்லியான பிள்ளை, மெதுவான குரல். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள கூடத்தில் எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினோம். குனியச் சொன்னாள், பாதிப் பேருக்கு வரவில்லை. "ஏளா லில்லி, முழங்காலையாவது தொடு" என்று நான் சொல்ல, "நீ முதல்ல ஒன் வயித்தைத் தாண்டி வா" என்று அவள் சொல்ல, ஒரே சிரிப்பு. வயிற்றில் கை வைத்து மூச்சை மெதுவாக வெளியே விடச் சொன்னாள். எனக்கு இழுக்க மட்டும்தான் வந்தது.

கடைசியாக அந்தப் பிள்ளை ஒரு காரியம் செய்தாள். "இப்ப எல்லாரும் மல்லாந்து படுங்க. இது பேரு சவாசனம். சவம் மாதிரி அசையாமக் கிடக்கணும்" என்றாள்.

ஒருத்தியும் படுக்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருடைய வீட்டு ஆண்கள் அந்த நேரத்தில் கடலில் இருந்தார்கள். நான் எழுந்துவிட்டேன். "யாரைளா பொணம் மாதிரிப் படுக்கச் சொல்லுத? கட்டினவன் கடல்ல கெடக்கும்போது எங்களை இங்கன பொணமாக் கெடக்கச் சொல்லுதியா? ஒனக்கு அறிவு இருக்கா?" என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். வாசலில் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் சந்தைக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டில் மீன் வாங்குவதே அபூர்வம், வாடைக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு ஈரத்தில் வழுக்கி வழுக்கி வந்து என் கடை முன்னால் நின்றாள்.

"அக்கா, எங்க ஊர்ல எல்லாரும் வயக்காட்டுக்குப் போறவங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாங்க. எனக்கு இது தெரியாதுக்கா. படிச்ச பேரைச் சொல்லிட்டேன். அந்தப் படுக்கைதான் ரொம்ப முக்கியம். வேற எப்படிச் சொல்லட்டும்? நீங்களே ஒரு பேர் சொல்லுங்க."

கோபப்படுகிறவளிடம் இப்படி வந்து கேட்டால் அவள் என்னதான் செய்வாள்? லில்லிதான் பக்கத்திலிருந்து, "கருவாடு மாதிரிப் படுங்கன்னு சொல்லுளா. கருவாட்டுக்கு எங்க தெருவுல ஒரு கொறையும் கெடையாது. மணல்ல போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றாள். சந்தையே சிரித்தது. கனியும் சிரித்தாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, முள் இல்லாத மீனாகப் பார்த்துக் கொஞ்சம் கட்டியும் கொடுத்தேன். எப்படிக் குழம்பு வைப்பது என்று லில்லி சொன்னாள்.

மறு வகுப்பில் எல்லோரும் வந்தார்கள். கடைசியில் கனி, "அக்காமாரே, கருவாடு" என்றாள். படுத்தோம். "முதுகுக்குக் கீழ சூடான மணல் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. மூச்சு தானாப் போகட்டும், தானா வரட்டும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் என்னிடம் சொன்னதில்லை. நான் தூங்கிவிட்டேன். ஐப்பசிக்குப் பிறகு திடுக்கிட்டு விழிக்காமல் நான் தூங்கிய தூக்கம் அதுதான். கண்ணைத் திறந்தபோது வகுப்பு எப்போதோ முடிந்திருந்தது. லில்லியைத் தவிர ஒருத்தியும் போகவில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் சேலைத் தலைப்பால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். என் மீனை விற்க லில்லி சந்தைக்குப் போயிருந்தாள். நான் திட்டாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருத்திகூடக் கிடையாது. எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அடைப்பு வந்தது. வரும்போது வயிற்றில் கை வைத்து, வெளியே விடுவதை மட்டும் பார்ப்பேன். சோர்ந்துபோயிருந்த கையில் பலம் வந்தது. மீன் கூடையை யாரும் தூக்கிவிடாமல் நானே தலைக்கு ஏற்றினேன். புருசன் அடிக்கிற ஒருத்தி கருவாட்டுப் படுக்கையில் அழுதாள். எழுந்தபிறகு நாலு பேராக அவள் வீட்டுக்குப் போய் அவனிடம் பேசினோம். என் வாய் அன்றைக்கு உபயோகப்பட்டது.

எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை நடத்துகிற மெர்சி அக்காவுக்கு இந்த யோகா பிடிக்கவில்லை. "ரெஜினா, அது நம்ம வேதத்துக்கு ஆகாத காரியம்" என்றார். நான், "அக்கா, மூச்சு ஆண்டவர் குடுத்தது. அதை ஒழுங்கா விடுறதுக்குப் படிக்கேன். வேற எந்தச் சாமியையும் நான் கும்பிடல" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் நானே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இந்த நீலச் சட்டை ஒங்களுக்கு நல்லாவே இல்ல. கடலுக்குப் போங்க."

"வேண்டாம்ளா. நீ விழுந்துருவ."

"விழுந்தா எந்திரிப்பேன். போங்க."

போனார். வள்ளத்தில் ஏறும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. அதைப் பற்றி அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சில மாதம் நல்லபடியாகப் போனது. ஒரு நாள் விடியற்காலை வரவேண்டிய வள்ளம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. காற்று கூடிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறிய பிறகும் வரவில்லை. நான் கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. பழைய மாதிரியே, விரலிலிருந்து.

லில்லி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வகுப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். வகுப்பில் ஆள் இல்லாததைக் கண்டு விசாரித்துக் கனியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். மெர்சி அக்காவும் வந்தார். ஜெபமாலையை எடுத்துத் தொடங்கினார்.

'அருள் நிறைந்த மரியே' என்கிற மங்கள வார்த்தை ஜெபத்தில் முதல் பாதி நடத்துகிறவர் சொல்வார், இரண்டாம் பாதி நாங்கள் சொல்வோம். அவர் சொல்லும்போது எனக்கு மூச்சு உள்ளே போனது. நாங்கள் சொல்லும்போது அந்த மூச்சு வார்த்தையோடு சேர்ந்து நீளமாக வெளியே போனது. திரும்ப உள்ளே. திரும்ப வெளியே. கனி என் காதுக்குப் பக்கத்தில், "அக்கா, இதைத்தானே நான் இவ்வளவு நாளா சொல்லித் தாரேன். உங்ககிட்ட முன்னாடியே இருந்திருக்கு" என்றாள். மெர்சி அக்காவின் காதிலும் அது விழுந்தது. அவர் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார், எனக்கு இழுக்க நேரம் கொடுத்து.

ஜெபமாலை மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சாகப் போனோம். விரலில் உணர்வு வந்தது. பயம் போகவில்லை. அவர் வரமாட்டாரோ என்ற எண்ணமும் போகவில்லை. ஆனால் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். சுற்றி இத்தனை பேர் என்னோடு சேர்ந்து விட்டார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் திரும்பி வராத ஆண்கள் உண்டு. அவர்களுடைய பெண்களும் மாதாவிடம் கேட்டவர்கள்தான். என்னைவிடப் பக்தியாகக் கேட்டவர்கள். என் மனுசனைக் காப்பாற்றியதால் மாதா பெரியவள் என்று அவர்கள் முகத்துக்கு முன்னால் நான் சாட்சி சொல்லமாட்டேன். நான் கேட்டது மூச்சு. வள்ளம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே, அந்த மணலிலேயே, எனக்கு அது கிடைத்துவிட்டது. அதற்குத்தான் இந்தச் சாட்சி.

மத்தியானம் தாண்டி இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியில் வலை சுற்றி இன்ஜின் நின்றுவிட்டதாம். அவர் இடுப்பளவு தண்ணீரில் குதித்து என்னை நோக்கி வேகமாக வந்தார். நான் விழுந்து கிடப்பேன் என்று நினைத்திருக்கிறார். உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நெஞ்சு அடைக்கலையாளா?"

"அடைச்சுது. வெளிய விட்டுட்டேன்" என்றேன். "சாப்பிட்டியளா?"

இப்போது மெர்சி அக்கா முழங்கால் வலிக்கு என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார். ஜெபமாலையை முன்பு மாதிரி வேகமாக ஓட்டுவதில்லை. மாதாவுக்கு நன்றி. கனியை அனுப்பியதற்கும் நன்றி.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், வாங்க. காலையில் வள்ளங்கள் போனபிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள கூடத்துக்கு வாங்க. எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தாலும் சரி. உங்கள் சாமியிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு எழுந்து வாங்க. தாமதமாக வந்தால் நான் திட்டுவேன், அது மட்டும் மாறவில்லை. ஆனால் என் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உங்களுக்கு இடம் வைத்திருப்பேன்.